“கண்ணாடி வேண்டாம்” என்று சொல்பவர்

சின்ன ஊர்க் கடைத்தெருவில்கூட இன்று ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. பல கடைகளின் வாசலில் ஒரு பலகையும் தொங்குகிறது: “கண் பரிசோதனை இலவசம்!”

இலவசம் எப்படி வரும்? கடைக்கு வாடகை உண்டு. மின்சாரக் கட்டணம் உண்டு. சோதிப்பவருக்குச் சம்பளம் உண்டு. இத்தனையும் கண்ணாடி விற்ற லாபத்தில் இருந்துதான் வரவேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேரிடம் “உங்களுக்குக் கண்ணாடி வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினால், அந்தக் கடை எத்தனை நாள் நடக்கும்?

இந்தச் சங்கடத்தின் நடுவே உட்கார்ந்திருப்பவர்தான் கண் பரிசோதகர். ஆப்டோமெட்ரிஸ்ட் என்பது அவருடைய படிப்புப் பெயர். அவர் கண் டாக்டர் அல்ல, ஆபரேஷன் செய்யமாட்டார். வெறும் கண்ணாடி வியாபாரியும் அல்ல. பார்வையை அளந்து பவரைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. கண்ணில் நோய் இருப்பதாகத் தெரிந்தால், டாக்டரிடம் அனுப்புவதும் அவர் வேலை.

நான்கு வருடப் படிப்பு

இது ஏதோ மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளும் தொழில் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு! பிளஸ் டூ முடித்தபின் நான்கு வருடம் படிக்கவேண்டும். சென்னையில் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் 1978-ல் தொடங்கிய சங்கர நேத்ராலயா, 1985-ல் இந்தப் படிப்புக்கென்றே ஒரு கல்லூரியைத் திறந்தது. அதன்பின் பல ஊர்களில் கல்லூரிகள் வந்தன.

மதுரையில் வேறு ஒரு வழி. எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன நிலையிலும் கண் ஆபரேஷன் செய்யப் பழகியவர். சர்க்கார் வேலையில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அங்கே கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, கண் சோதிக்க வைத்தார்கள். இன்று அந்த ஆஸ்பத்திரியின் சிறு கண் நிலையங்கள் கிராமங்களில் நடக்கின்றன. அங்கே பயிற்சி பெற்றவர் சோதிக்கிறார். ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் வீடியோ மூலம் நோயாளியோடு பேசி, முடிவு சொல்கிறார்.

இத்தனை இருந்தும், இந்தத் தொழிலில் உள்ளவர்களைப் பதிவு செய்ய ஒரு மத்திய சட்டம் வந்தது 2021-ல்தான். மிகவும் தாமதம்!

மூன்று கால் குறி

நல்ல பரிசோதகரை எப்படி அடையாளம் காண்பது? அவர் அவசரப்படமாட்டார்.

சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை 1862-ல் ஹாலந்து தேசத்து டாக்டர் ஸ்னெல்லன் உண்டாக்கினார். 6 மீட்டர் தூரத்தில் இருந்து அதைப் படிக்கவேண்டும். படிக்கத் தெரியாத பாட்டி என்ன செய்வாள்? கூச்சப்பட்டு, “தெரியுது, தெரியுது” என்று தலையாட்டிவிடுவாள். தப்பான கண்ணாடி வந்து சேரும். இதற்காகவே மூன்று கால் கொண்ட ஒரு குறியை அச்சிட்ட அட்டை உண்டு. கால்கள் மேலே பார்க்கின்றனவா, கீழேயா, இடமா, வலமா என்று விரலால் காட்டினால் போதும். எழுத்தே வேண்டாம். நல்ல பரிசோதகர் பாட்டியின் கூச்சத்தைப் பார்த்ததுமே அந்த அட்டையை மாட்டிவிடுவார்.

குழந்தை விஷயம் இன்னும் நுட்பமானது. குழந்தையின் கண் எளிதில் தன்னைச் சுருக்கிப் பார்த்துக்கொள்ளும். அதனால் கிட்டப்பார்வை இல்லாத பிள்ளைக்கும் இருப்பதுபோல் அளவு காட்டும். சொட்டு மருந்து விட்டு, கண் தளர்ந்த பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும். அதற்கு நேரம் ஆகும். “இன்னொரு நாள் காட்ட வேண்டியிருக்கும்” என்று சொன்னால், சில தாய்மார்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கவேண்டியதில்லை.

“அண்ணாச்சி, இன்றைக்கு வேண்டாம்!”

சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “திடீரென்று பார்வை மங்குது, தம்பி” என்கிறார்.

சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மாறுகிறது. அதோடு பவரும் மாறுகிறது. அன்று அளந்த அளவு அடுத்த மாதம் ஒத்துவராது. இது கடைக்காரருக்குத் தெரியும், வந்தவருக்குத் தெரியாது.

“அண்ணாச்சி, இன்றைக்குக் கண்ணாடி போட்டால் பணம் வீண். டாக்டரைப் பார்த்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சில வாரம் கழித்து அளப்போம். கண்ணின் உள்பக்கத்தையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.”

இப்படிச் சொன்னவருக்கு அன்று வியாபாரம் போச்சு! அண்ணாச்சி என்ன செய்கிறார்? “இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை” என்று எதிர்க்கடைக்குப் போகிறார். பத்து நிமிஷத்தில் அங்கே கண்ணாடி தயார்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். கண்நீர் அழுத்த நோய் அப்படியல்ல. வலி இராது, சிவப்பு இராது. ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும். நேரே பார்த்தால் எழுத்து தெரியும். ஆகையால் எழுத்து அட்டையை மட்டும் காட்டிப் பவரை மாற்றிக்கொண்டே போகிற கடையில் இந்த நோய் பிடிபடாது. முன்பே கண்டால் மருந்தால் நிறுத்தி வைக்கலாம். போன பார்வை திரும்பாது. கண்புரை முற்றியவருக்கும் கண்ணாடிமேல் கண்ணாடி மாற்றுவது வீண் செலவுதான். அதற்கு ஆபரேஷன் இருக்கிறது.

நாற்பதைத் தாண்டினால் வரும் வெள்ளெழுத்துக்குப் பயப்படவேண்டாம். இரண்டு கண்ணும் ஒரே அளவாக இருந்தால், பலருக்கு விலை குறைந்த ரெடிமேட் படிக்கும் கண்ணாடியே போதும். அதையும் நேர்மையானவர் மறைக்காமல் சொல்லிவிடுவார்.

குறை யாரிடம்?

கடைக்காரர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒருவர் அரைமணி நேரம் சோதித்து, “கண்ணாடி வேண்டாம்” என்று சொல்லி, சோதித்ததற்குக் கட்டணம் கேட்டால் ஜனங்களுக்குக் கோபம் வருகிறது. “ஒன்றுமே தராமல் காசு வாங்கிவிட்டான்” என்கிறார்கள். அதே ஜனங்கள், இலவசமாகச் சோதித்த கடையில் பல மடங்கு விலை கொடுத்துத் தேவையில்லாத கண்ணாடி வாங்கிச் சந்தோஷமாகப் போகிறார்கள்! வேண்டாம் என்று சொல்வதற்கும் கூலி கொடுக்க ஊர் பழகினால்தான் நேர்மையான பரிசோதகர் கடையைத் திறந்து வைத்திருக்க முடியும். இல்லாவிட்டால் அவரும் ஒரு நாள் இலவசப் பலகையை மாட்டிவிடுவார்.

சோதனை முடிந்ததும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு கண்ணின் பவரும் தனித்தனியாக இருக்கவேண்டும், தேதியும் இருக்கவேண்டும். சீட்டு கையில் இருந்தால் எந்தக் கடையிலும் விலை விசாரித்துக் கண்ணாடி போடலாம். “சீட்டு எதற்கு? இங்கேயே போட்டுக்கொள்ளுங்கள்” என்று இழுத்தால், எழுந்து வந்துவிடலாம்.