அளவைச் சொல்லுங்க, மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்

போன தை மாசம், மரவள்ளி பிடுங்கப் பத்து நாள் இருக்கும்போது எங்க பழைய லாரி ஊளையிட ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னாலிருந்து 'ஊ...' என்று ஒரு சத்தம். காலை எடுத்தால் சத்தம் மாறும். தப்பு என்னுடையதுதான். பினியன் ஆயில் சீல் கசிந்து, வண்டி நின்ற இடத்தில் ரெண்டு மாசமாகச் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

எங்க நாமக்கல் பக்கம் சேகோ ஆலைகளில் கிழங்கின் மாவுச்சத்தை அளந்து, பாயிண்ட் கணக்கில்தான் விலை போடுவார்கள். பிடுங்கிய கிழங்கு ரெண்டு நாள் கிடந்தாலே கெட ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் சொந்த வண்டி இல்லையென்றால், வாடகைக்காரர் சொல்வதுதான் வாடகை.

சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "அசெம்பிளியா மாத்திடலாம் சார், 70,000 ஆகும், சாமான் வர மூணு வாரம்" என்றார்கள். மூணு வாரம் கழித்து வண்டி வந்து எதை ஏற்றுவது?

ஊர் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அறுபதைத் தாண்டியவர். வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிரவுன் போயிடுச்சுங்க தம்பி. உங்க களத்துலயே கழட்டிப் பார்த்துடலாம்" என்றார்.

நீங்கள் டிஃபரன்ஷியல் என்று படித்ததைத்தான் நாங்க 'கிரவுன்' என்கிறோம். மாட்டு வண்டியில் ரெண்டு சக்கரமும் அச்சில் தனித்தனியாகச் சுற்றும். திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடும், அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. லாரியிலோ இன்ஜின் ரெண்டு சக்கரத்தையும் தள்ள வேண்டும், ஆனால் திருப்பத்தில் வேற வேற வேகத்தில் சுற்றவும் விட வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் பின் ஆக்சில் நடுவில் இருக்கும் அந்தக் குண்டுப் பெட்டி.

ஆயிலை வடித்ததும் கந்தக வாடை. கூடவே மினுமினுவென்று இரும்புத் தூள். ஆக்சில் ஷாஃப்ட்டை ரெண்டு பக்கமும் உருவி, ஹவுசிங்கை இறக்கினோம். பினியன் பேரிங் தேய்ந்து, கிரவுன் பல்லையும் தின்றிருந்தது. கிரவுனும் பினியனும் ஜோடியாக அரைத்துத் தயாரிப்பவை. ரெண்டிலும் ஒரே நம்பர் பொறித்திருக்கும், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. நாமக்கல் போய் ஜோடியாகவே வாங்கி வந்தேன்.

பேரிங்கை ஆயிலில் சூடாக்கித்தான் ஏற்ற வேண்டும். அதற்கு எடுத்த வாணலிக்காக வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை. பினியன் எவ்வளவு இறுக்கமாகச் சுற்ற வேண்டும் என்று பார்க்க, கயிற்றைச் சுற்றி, காய் நிறுக்கும் வில் தராசில் மாட்டி இழுத்தோம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளி எங்க வண்டிக்கு 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர். லேத் பட்டறையில் டயல் கேஜ் இரவல் வாங்கி அளந்தோம்.

அவசரத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். பினியனுக்கு அடியில் போடும் ஷிம் தகடு பழையதையே போட்டுவிடலாம் என்றேன். பல்லில் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்தால், தடம் பல்லின் நடுவில் விழாமல் அடியில் விழுந்தது. பினியன் அளவுக்கு மேல் உள்ளே போயிருந்தது. அப்படியே மூடியிருந்தால் மறுபடியும் ஊளைதான். "பல்லுக்கு உங்க அவசரம் தெரியுமாங்க தம்பி?" என்று சிரித்தார் அண்ணன். திரும்பவும் பேரிங்கைப் பிடுங்கி, மெல்லிய தகடு போட்டு, ரெண்டு நாள் கூடுதலாக ஆனது. மொத்தம் ஆறு நாள், 19,000 ரூபாய். கிழங்கு நேரத்துக்கு ஆலை போய்ச் சேர்ந்தது.

இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அண்ணனிடம் கிரீஸ் படிந்த ஒரு பழைய சர்வீஸ் புத்தகம் இருந்தது. அதில் 0.15 என்று யாரோ அச்சடித்து வைத்திருந்தார்கள். அந்த ஒரு பக்கம் இல்லையென்றால் ரெண்டு பேரின் தைரியமும் சேர்ந்து வண்டியைக் கெடுத்திருக்கும்.

பக்கத்துத் தோட்டத்தில் புது டிராக்டர் வைத்திருப்பவருக்கு அந்தப் பக்கம் கிடைக்கவில்லை. இதே மாதிரி ஒரு அளவைக் கேட்டதற்கு, "அதெல்லாம் வெளியே தர மாட்டோம்" என்று பதில். கடன் கட்டுவது அவர், டிராக்டர் அவர் பேரில், அளவு மட்டும் கம்பெனிக்குச் சொந்தம்!

எல்லாவற்றையும் களத்தில் கழட்டலாம் என்று நான் சொல்லவில்லை. பிரேக், புகை சம்பந்தப்பட்டதில் கம்பெனிகளின் பயத்திலும் நியாயம் உண்டு. ஆனால் அளவைச் சொல்லாமல் விட்டால் யாரும் கழட்டாமல் இருக்கப்போவதில்லை. குத்துமதிப்பாகக் கழட்டுவார்கள், அதுதான் ஆபத்து.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. முதலில் எடுத்துக்கொண்ட நாலு துறைகளில் விவசாயக் கருவிகளும் வண்டிகளும் உண்டு. அந்த டிசம்பரிலேயே இணையதளமும் வந்தது. ஆனால் விரும்பிய கம்பெனி விரும்பியதைப் போடும் இடமாக இருந்தால் எங்களுக்குப் போதாது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023-இல் சட்டமே போட்டது. விவசாயக் கருவி செய்பவர்கள் கையேடு, உதிரிபாகம், மென்பொருள் எல்லாவற்றையும் விவசாயிக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது அது. இங்கேயும் அப்படி ஒன்று வர வேண்டும்.

இது எங்களுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. உங்கள் வாஷிங் மெஷினும் போனும் இதே கதைதான். அடுத்த முறை "மொத்தமா மாத்தணும் சார்" என்று யாராவது சொன்னால், எந்தப் பாகம், என்ன அளவு என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

அண்ணனின் மகன் பட்டறைக்கு வருவதில்லை. புத்தகத்தின் அட்டையும் போய்விட்டது. அதனால் அந்த அளவுகளையெல்லாம் எங்க ஷெட் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன். கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது.