டிரெய்லரில் வராத நாற்காலி

சாதியைப் பேசும் படத்துக்கு டிரெய்லர் வந்துவிட்டால், குமணன்சாவடி டீக்கடைகளில் அன்று முழுக்க அதே பேச்சுதான். அரிவாள், ஓட்டம், ரத்தம், பின்னால் பறை. இரண்டரை நிமிடத்தில் நெஞ்சு அதிர்ந்துவிடும். படம் வந்த பிறகும், எந்தச் சண்டை மாஸ், எந்த அடி பலம் என்றே பேசுகிறோம். 2025 தீபாவளிக்கு வந்த 'பைசன்' வரை இதுதான் நடக்கிறது.

அந்த அடி பொய் இல்லை. 1968-ல் வெண்மணியில் 44 பேரை எரித்த மண் இது. 1997-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்ற மண் இது. அதைத் திரையில் காட்டத்தான் வேண்டும். ஆனால் அடியை மட்டும் கத்தரித்து எடுத்தால், அது யார் கைக்கும் போகும். 'மாமன்னன்' படத்துக்கு நடந்தது நினைவிருக்கிறதா? 2023 ஜூலையில் படம் ஓடிடிக்கு வந்ததும், பகத் பாசில் நடித்த சாதிவெறி பிடித்த ரத்தினவேலு பாத்திரத்தை வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டுகளோடு ஒட்டி, ஸ்டேட்டஸாக வைத்துக் கொண்டாடினார்கள். எதிர்த்து எடுத்த படத்திலிருந்தே தங்கள் நாயகனை உருவி எடுத்துக்கொண்டார்கள்.

அதே படத்தில் அப்படி வெட்டி ஒட்ட முடியாத காட்சி ஒன்று உண்டு. எம்.எல்.ஏ. ஆன பிறகும் அந்த வீட்டில் நின்றுகொண்டே பேசும் வடிவேலுவை, மகன் நாற்காலியில் உட்காரச் சொல்கிறான். அவ்வளவுதான். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 'பரியேறும் பெருமாள்' முடிவில் மேசை மேல் இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ. இரட்டைக் குவளையைப் பார்த்த ஊர்க்காரனுக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டாம்.

பா.இரஞ்சித் ஆவடி பக்கத்துக் கரலப்பாக்கத்துக்காரர். 2012-ல் வந்த அவருடைய 'அட்டகத்தி'யில் நம் புறநகர்ப் பையன் பஸ்ஸில் தொங்குகிறான், காதலில் தோற்கிறான், ஆடுகிறான், சிரிக்கிறான். நம் வீட்டுக் கதை அழுகையோடு மட்டும் முடிவதில்லை என்று அந்தப் படம் சொன்னது. 2024-ல் வந்த 'லப்பர் பந்து' அதே வழியில் போனது. சாதியால் அணியில் இடம் மறுக்கப்பட்ட ஒருவனின் வலியை, வெட்டுக்குத்து இல்லாமல், கிரிக்கெட் மட்டையை வைத்தே சொன்னது. ஊரே குடும்பத்தோடு பார்த்தது.

அடிபடுபவனைப் பார்த்து இரக்கப்படுவது எளிது. அவன் பக்கத்து இருக்கையில் உட்காரும்போதுதான் மனசு தெரியும். குமணன்சாவடியிலிருந்து அதே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் கோயம்பேடு ரோகிணி தியேட்டர். 2023 மார்ச் 30 அன்று 'பத்து தல' படத்துக்கு டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை அங்கே வாசலிலேயே நிறுத்தினார்கள். நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மற்ற ரசிகர்கள் எதிர்த்துக் கேட்டார்கள், வீடியோ பரவியது, பிறகு உள்ளே விட்டார்கள். குழந்தைகள் பார்க்கக் கூடாத தணிக்கைச் சான்று என்று தியேட்டர் தரப்பு விளக்கம் சொன்னது. போலீஸ் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்தது.

திரையில் ஒரு நாற்காலிக்குக் கைதட்டுகிறோம். தியேட்டரில் ஒரு நாற்காலிக்காக வாசலில் நிற்கவேண்டி வருகிறது. இரண்டும் ஒரே கேள்விதான். அன்று வாசலில் குரல் கொடுத்தவர்கள் படத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ரசிகர்கள்.

மாணவத் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டேட்டஸில் அரிவாளை வைப்பதற்குப் பதில் அந்த நாற்காலியை வையுங்கள், இரண்டு கிளாஸை வையுங்கள். கல்லூரியில் படம் போட்டால், முடிந்தவுடன் கலைந்து போகாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் ஊர் டீக்கடையில் யாருக்குக் கண்ணாடி கிளாஸ், யாருக்குப் பேப்பர் கப் என்று பாருங்கள். யாரை உள்ளே பெஞ்சில் உட்காரச் சொல்கிறார்கள், யாரை வெளியே நிற்க வைக்கிறார்கள் என்று பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், அங்கேயே கேளுங்கள்.