ஆமை பார்க்க பெர்ஹெந்தியான் போகிறோம், உப்பே தீவை யார் பார்ப்பது?

பள்ளி விடுமுறை வந்தால் புக்கிட் பெருவாங், ஆயர் குரோ வட்டாரத்தில் இருந்து நம்மவர்கள் வேன் எடுத்துக்கொண்டு கிழக்குக் கரைக்குக் கிளம்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. இரவெல்லாம் பயணம், விடியலில் கோலா பெசுட் படகுத்துறை, பிறகு பெர்ஹெந்தியான் தீவு. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் தலையை விட்டால் பவளப்பாறை, வண்ண மீன், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பச்சை ஆமை. பிள்ளைகளுக்கு அது வாழ்நாள் முழுக்க நிற்கும் காட்சி.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆமையைவிட அரிதான ஒன்று நம் வீட்டு வாசலிலேயே முட்டையிடுகிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அழுங்காமை. மலாய்க்காரர்கள் பெஞ்யு காரா என்பார்கள். உலக அளவில் அழியும் நிலையின் கடைசிப் படியில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்ட இனம். தீபகற்ப மலேசியாவில் இது அதிகமாக முட்டையிடும் மாநிலம் திரங்கானு அல்ல, நம் மலாக்காதான். பாடாங் கெமுந்திங், தஞ்சோங் பிடாரா, கோலா லிங்கி என்று நீளும் கரையும், நகரத்துக்கு எதிரே கடலில் தெரியும் சின்னஞ்சிறு உப்பே தீவும் அதன் தாய்வீடு.

உப்பே தீவு ஒரு காலத்தில் மாநிலத்தின் முக்கியமான முட்டையிடும் இடமாக இருந்தது. பிறகு மலாக்கா நகரக் கரையோரம் கடலை மண் கொட்டி நிரப்பும் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடலில் ஓரிடத்தில் மண் கொட்டினால் நீரோட்டம் வேறு பக்கம் திரும்பும். அது இன்னொரு இடத்து மணலை அரிக்கும். உப்பேயில் மணல்கரை சுருங்கியது, கூடுகளும் குறைந்தன. 2014இல் 4,300 கோடி ரிங்கிட் மதிப்பில் மலாக்கா கேட்வே திட்டம் தொடங்கப்பட்டபோது, ஆமை ஆர்வலர்களும் உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பின் மீனவர்களும் குரல் கொடுத்தார்கள். 2020 நவம்பரில் மாநில அரசு அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது. கொட்டிய மண் என்னவோ அங்கேயேதான் இருந்தது.

பெர்ஹெந்தியானுக்கும் உப்பேக்கும் உள்ள வித்தியாசத்தில் முதலாவது இயற்கை. மலாக்கா நீரிணையின் தண்ணீர் கலங்கல், முக்குளித்தால் கையே தெரியாது. சுற்றுப்பயணி வரமாட்டார், பணம் வராது, அதனால் கவனமும் வராது. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் கடல்கள் 1994 முதல் கடல் பூங்காக்கள். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் பாதுகாப்பு அவற்றுக்கு உண்டு. மலாக்காவில் அப்படி ஒரு கடல் பூங்காகூட இல்லை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலில் ஆமை என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நிலமும் மாநிலத்துக்கு, ஆமையும் மாநிலத்துக்கு. ஆகவே புத்ராஜெயாவைக் கேட்டுப் பயனில்லை. திரங்கானு தன் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்து, 2022 ஜூன் முதல் எல்லா வகை ஆமை முட்டை விற்பனையையும் தடை செய்தது. அதுவும் தாமதம்தான். ரந்தாவ் அபாங்கில் 1950களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 கூடுகள் வைத்த பெரிய தோல் முதுகு ஆமை இன்று அங்கே இல்லை என்றே சொல்லலாம். பல்லாண்டு முட்டை எடுத்தது, வலையில் சிக்கியது, கரையேறிய ஆமையைச் சுற்றி டார்ச்சோடு கூட்டம் கூடியது, எல்லாம் சேர்ந்த விளைவு அது. பார்க்கப் போனவர்களுக்கும் அதில் பங்குண்டு.

ஆமை விஷயத்தில் கணக்கு மெதுவாகத்தான் வரும். அழுங்காமைக் குஞ்சு வளர்ந்து முட்டையிட 20 ஆண்டுக்கு மேல் ஆகும். பிறந்த பகுதிக்கே தேடி வரும். இன்று கரையை இழந்தால் அதன் முழு நஷ்டமும் நம் பிள்ளைகள் பெரியவர்களாகும்போதுதான் தெரியும். நம் கரையில் முட்டையிடும் ஆமைகளில் சில, ரியாவ் தீவுகளிலும் சிங்கப்பூர் கடலிலும் இரை தேடுவதைச் செயற்கைக்கோள் கருவி பொருத்திக் கண்டறிந்திருக்கிறார்கள். மூன்று நாட்டுக் கடலில் அலைந்துவிட்டுப் பிரசவத்துக்கு இங்கே வருகிறது.

மஸ்ஜித் தானா அருகே பாடாங் கெமுந்திங்கில் மீன்வளத் துறையின் ஆமை நிலையம் இருக்கிறது. உரிமம் பெற்றவர்கள் கரையில் சேகரிக்கும் முட்டைகள் அங்கே பொரிக்க வைக்கப்படுகின்றன. புக்கிட் பெருவாங்கில் இருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கிழக்குக் கரைக்கு ஆளுக்கு நூற்றுக்கணக்கில் செலவழிக்க முடியாத தோட்டத்துக் குடும்பமும் பெட்ரோல் காசில் போய் வரலாம். தமிழ்ப்பள்ளிகள் சுற்றுலாவுக்கு இடம் தேடும்போது ஆயர் குரோ மிருகக்காட்சி சாலையைத் தாண்டி யோசிப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

அதைவிட முக்கியம், ஆயர் குரோவில் ஸ்ரீ நெகிரி வளாகத்தில் கூடும் நம் சட்டமன்றம். நமக்கு அது பக்கத்து வீடு மாதிரி. கோயில் மானியம், பள்ளி நிலம் என்று தொகுதி உறுப்பினரைச் சந்திக்கும் நம் சங்கங்கள் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்: அடுத்த மண் நிரப்பும் திட்டம் வருவதற்கு முன், உப்பே தீவின் மணலுக்கும் அதைச் சுற்றிய கடலுக்கும் சட்டப்படி என்ன காவல்?