இலை எடுத்த பிறகு உபசாரம்

பந்தியில் இலையை எடுத்துக் கையையும் கழுவிய பிறகு ஒருவர் வந்து, "சாம்பாரில் உப்புச் சரியாக இருந்ததா?" என்று விசாரித்தால் அதற்கு உபசாரம் என்றா பெயர்? இணையவழியில் பாடம் நடத்தும் சர்வகலாசாலைகள் இதைத்தான் செய்கின்றன. பாடமெல்லாம் முடிந்த பிறகு ஒரு பாரம் வருகிறது. ஆசிரியர் தெளிவாகப் பேசினாரா? வேளைக்குத் திருத்திக் கொடுத்தாரா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைத் தொடு. தொட்டாயிற்று. குறை சொன்னவனுக்கு அதனால் என்ன லாபம்? அடுத்த வருஷத்துக்காரனுக்கு உதவும் என்பார்கள். சரி, போன வருஷத்து மாணவர்கள் சொன்னதால் இன்னது மாறியிருக்கிறது என்று முதல் நாள் பாடத்தில் அறிவிக்கக் கேட்டவர்கள் உங்களில் எத்தனை பேர்?

வகுப்பறையில் பாரம் இல்லாமலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கடைசி பெஞ்சுக் கொட்டாவி ஆசிரியருக்குச் சுருக்கென்று தைக்கும். திரையில் பாடம் சொல்கிறவருக்கு முகங்களே கிடையாது. ஆகவே அவர்தான் சீக்கிரம் கேட்க வேண்டியவர். அவரோ எல்லாருக்கும் கடைசியில் கேட்கிறார்.

அதுவும் யாரை? ஹார்வர்டும் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் 2012-13இல் நடத்திய முதல் 17 இணையப் பாடங்களில் 8,41,687 பதிவுகள். வழங்கிய சான்றிதழ்கள் 43,196. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கடைசி வாரத்தில் மட்டும் கேட்டால், கரையேறியவர்களிடம்தானே ஆற்றின் ஆழத்தை விசாரிக்கிறோம்? முழுகினவன் எங்கே பதில் சொல்வான்?

அந்த எண்களின் யோக்கியதையையும் பார்க்கலாம். அமெரிக்காவில் வட கரோலினா மாநில சர்வகலாசாலையின் இணையப் பாடம் ஒன்றில் ஒரு சோதனை செய்து 2014இல் வெளியிட்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், இரு துணை ஆசிரியர்கள். இருவரும் ஒரு குழுவுக்குத் தம் பெயரிலும், இன்னொரு குழுவுக்கு மற்றவர் பெயரிலும் பாடம் சொன்னார்கள். கட்டுரைகளைத் திருத்தி ஒரே சமயத்தில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். 'வேளைக்குக் கொடுத்தாரா?' என்ற கேள்விக்கு ஆண் பெயருக்கு 4.35, பெண் பெயருக்கு 3.55! 43 மாணவர்களே கொண்ட சிறு சோதனைதான். இருந்தாலும் கடிகாரத்துக்கு ஆண், பெண் உண்டா? இந்த எண்ணை நம்பி ஓர் ஆசிரியையின் உத்தியோக உயர்வைத் தீர்மானிப்பது அநியாயம்.

மூன்றாவது வாரத்திலேயே கேளுங்கள். எங்கே புரியாமல் நின்றாய்? எதை மாற்றினால் தொடர்ந்து படிப்பாய்? இரண்டே கேள்விகள். வார்த்தைகளால் எழுதட்டும்; பெயர் வேண்டாம். அடுத்த வாரம் ஆசிரியர் பாடத்தைத் தொடங்குமுன், "இதை மாற்றினேன்; இதை மாற்றமாட்டேன், காரணம் இது" என்று சொல்லட்டும். கேட்டதையெல்லாம் கொடுக்கச் சொல்லவில்லை. கணக்குக் கஷ்டம் என்பதற்காகக் கணக்கையே எடுத்துவிட முடியாது. இரண்டு வாரமாகத் தலைகாட்டாதவனுக்குத் தனியாக ஒரு கடிதம் போகட்டும்.

இத்தனை பதில்களை யார் படிப்பது என்று கேட்கிறார்கள். நம் நாட்டிலேயே 2021இல் வந்த விதிப்படி, ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு 40 வரை 'ஸ்வயம்' மூலம் படிக்கக் கல்லூரிகள் அனுமதிக்கலாம். அத்தனை மாணவர்களிடம் பரீட்சைக் கட்டணத்தை வசூலித்துக் கணக்கெழுத ஆள் கிடைக்கிறது. அவர்கள் எழுதுவதைப் படிக்க மட்டும் ஆள் கிடைக்கமாட்டாரா?