பெண் கையில் பிஸ்டல்

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கம் வாங்கியதிலிருந்து, பள்ளிக்கூடம் போகும் பெண்கள் பலருக்கு பிஸ்டல் மேல் ஆசை வந்துவிட்டது. கோவையிலிருக்கும் என் நாத்தனார் மகளும் அதில் ஒருத்தி. பதின்மூன்று வயசு. "அண்ணி, சீட்டுப் பணம் வந்திருக்கு. வாங்கிக் குடுத்துடலாமா? தனியா போய் வர பொண்ணு, தற்காப்புக்கும் ஆச்சே" என்று நாத்தனார் போனில் கேட்டாள்.

தற்காப்பு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள், சகோதரிகளே. அமெரிக்காவில் அதற்கென்றே ஒரு போட்டி உண்டு. ஐ.டி.பி.ஏ. என்று பெயர், 1996-ல் ஆரம்பித்தது. சட்டைக்குள் மறைத்த துப்பாக்கியை எடுத்து, மறைவில் நின்று, நேரக்கணக்கில் சுடுவார்கள். அந்த நாட்டுச் சட்டம் வேறு. நம் பெண்கள் பழகுவது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போவது பாதுகாப்பு இல்லை, வம்பு!

விளையாட்டாகப் பார்த்தால் அருமையான விளையாட்டு. ஒற்றைக் கையை நீட்டி, 75 நிமிடத்துக்குள் 60 குண்டு. நடுவிலிருக்கும் பத்து மார்க் வட்டம் 11.5 மில்லிமீட்டர்தான், ஒரு சட்டைப் பித்தான் அளவு! பெண்களுக்கு முன்பு 40 குண்டு. 2018 முதல் ஆண்களைப் போலவே 60. நம் சென்னைப் பெண் ஸ்ரீநிவேதா 2021-ல் டில்லி உலகக் கோப்பையில் மனு பாக்கரோடு சேர்ந்து குழுப் போட்டியில் தங்கம் வாங்கியவர்.

வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று மாதமாவது கிளப் பிஸ்டலிலேயே பழகட்டும். ஆசை நிற்கிறதா, ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். நல்ல போட்டி பிஸ்டல் லட்சத்துக்கு மேல் போகிறது. ஸ்டெயர், மொரினி, பார்டினி என்று பெயர் சொல்வார்கள். பெயரை விடக் கைப்பிடி முக்கியம். சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று அளவு உண்டு, இடக்கைக்குத் தனி. பிடித்தால் மணிக்கட்டு வளையாமல், முன்குறி தானாகக் கண்ணுக்கு நேரே வரவேண்டும். எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். வளரும் பிள்ளைக்கு அதுவே பாரம். விசையை இழுக்க 500 கிராமுக்குக் குறையாத அழுத்தம் வேண்டும். போட்டிக்கு முன் எடைக்கல்லைத் தொங்கவிட்டே சோதிப்பார்கள்.

பழசு வாங்குகிறவர்கள் காற்று சிலிண்டரைப் பாருங்கள். தயாரித்த தேதி அதிலேயே பொறித்திருக்கும். பத்து வருஷத்துக்கு மேல் போட்டியில் அனுமதி இல்லை. அழுத்தம் 200 பார் ஆச்சே, விளையாட்டா? நாத்தனாருக்கு ஒருவர் "புதுசு மாதிரி" என்று காட்டியதில் இன்னும் நாலே மாதம்தான் பாக்கி! சீட்டுப் பணம் தப்பியது.

இந்தக் காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனாலும் முறையான கடையில் பில்லோடு வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். நிஜத் தோட்டா போடும் .22 பிஸ்டலுக்கு லைசென்ஸ் கட்டாயம்.

பயிற்சியில் பாதி வீட்டிலேயே நடக்கும். குண்டு போடாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, முன்குறியிலேயே கண்ணை வைத்து, விசையை மெல்ல மெல்ல அழுத்துவது. தினம் இருபது நிமிஷம் போதும். இலக்கு மங்கலாகத்தான் தெரியும், தெரியட்டும். கண் குறியை விட்டு இலக்குக்கு ஓடினால் மார்க் போச்சு. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஏழெட்டு விநாடிக்குள் முடியாவிட்டால் கையை இறக்கிவிட வேண்டும். எனக்குப் பிடித்ததே இந்த இறக்குவதுதான். அவசரக்குடுக்கையான எங்கள் பெண் இப்போது பரீட்சையில்கூடக் கேள்வியை இரண்டு தரம் படிக்கிறாளாம்! இன்னொரு கைக்கும் தோளுக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுங்கள். ஒரே பக்கம் தூக்கினால் முதுகு கோணும்.

பெல்லட் ஈயம். இதைப் பல அம்மாக்கள் கவனிப்பதில்லை. வாயில் கவ்விக்கொள்ளக் கூடாது. பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவாமல் பிஸ்கட்டைத் தொடக் கூடாது. அந்தத் துணியைக் கைக்குழந்தைத் துணியோடு ஊறவைக்காதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இன்னும் கவனம்.

பிஸ்டல் பெட்டிக்குப் பூட்டு, சாவி அம்மாவிடம். பெல்லட் டப்பா வேறு அலமாரியில். காலியானதாக இருந்தாலும் யார் பக்கமும் குழலைத் திருப்பக் கூடாது. பத்து மீட்டரில் காகிதத்தைத் துளைப்பது, பக்கத்தில் கண்ணைக் குருடாக்கிவிடும். தம்பி, தங்கை இருக்கிற வீட்டில் இதற்குச் சம்மதிக்காத பெண்ணுக்கு, எவ்வளவு திறமை இருந்தாலும் சரி, நான் வாங்கித் தர மாட்டேன். நாத்தனாரிடமும் அதைத்தான் சொன்னேன். அடுத்த வாரம் பிஸ்டலுக்கு முன்னால் பூட்டு வாங்கப் போகிறாள்.