ஜோயி பார்ட்டனும் 58 லட்சம் பவுண்டு மன்னிப்பும்

"தண்டனைய அனுபவிச்சுட்டாருல்ல, விடுங்கப்பா"ங்கிறாங்க கால்பந்து நண்பர்கள். கொஞ்சம் பொறுங்க மக்களே!

2007 டிசம்பர்ல லிவர்பூல் தெருவுல ஒருத்தரைக் கீழ தள்ளி சரமாரியா குத்தினார் பார்ட்டன். இன்னொரு பையனுக்குப் பல்லு உடைஞ்சது. 2008 மே மாசம் 6 மாச ஜெயில். உள்ள இருக்கும்போதே ஜூலைல அடுத்த தீர்ப்பு: மான்செஸ்டர் சிட்டியில கூட ஆடின உஸ்மான் டாபோவைப் பயிற்சி மைதானத்துலயே அடிச்சதுக்கு 4 மாசம், நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனை.

நியூகாசில் யுனைடெட் அவரை அனுப்பலை. 2011 வரைக்கும் வச்சிருந்தது.

இரக்கமாம்... கிட்டத்தட்ட 58 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கின ஆளுங்க அவரு! அனுப்பினா அடுத்த கிளப் ஓசியில தூக்கிட்டுப் போயிரும். மைதானத்துல புல் வெட்டுறவர் இதைச் செஞ்சிருந்தா மறுநாளே கணக்கை முடிச்சிருப்பாங்க. கூட வேலை பாக்குறவனை அடிச்சுட்டு நான் உள்ள போனா, திரும்பி வரும்போது ஆபீஸ் கதவு என் ஐடி கார்டுக்குத் திறக்குமா?

2009 மே மாசம் லிவர்பூல் கூட ஆடுறப்ப சிவப்பு அட்டை வாங்கி, மேனேஜர் ஷியரர்கிட்டயும் மல்லுக்கு நின்னார். அப்பதான் கிளப் அவரை சஸ்பெண்ட் பண்ணுச்சு. பல்லு உடைஞ்சப்ப வராத கோபம், மேட்ச் போனப்ப வந்துச்சு பாருங்க.

மறுவாய்ப்பே வேணாம்னு நான் சொல்லலை. புல் வெட்டுறவருக்கும் அதே விதின்னு எழுதி வைக்கட்டும், அப்புறம் பார்ட்டனை வச்சுக்கட்டும்.