காருக்குத் தெரிந்த கோளாறு ஓனருக்குத் தெரியக்கூடாதா?

கதவு, கண்ணாடி விஷயத்தில் கார் கம்பெனிகள் நம்மிடம் செய்வதை நாகரிகமாகச் சொன்னால், தகவல் மறைப்பு. எனக்கு நாகரிகம் அவ்வளவாக வராது. பகல் கொள்ளை என்றே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

முதலில் கொஞ்சம் டெக்னிக்கல் சமாச்சாரம். ஸ்விட்சை அழுத்தினால் மோட்டார் சுற்றும், கண்ணாடி ஏறும், அவ்வளவுதான் என்பதெல்லாம் பழைய கதை. இப்போது வரும் பெரும்பாலான கார்களில் பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்று ஒரு டப்பா இருக்கிறது. எந்தக் கதவு மூடவில்லை, எந்த லாக் விழவில்லை என்பதெல்லாம் அதற்குத் தெரியும். விண்டோ மோட்டாரில் ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்துகொண்டு சுற்றுகளை எண்ணிக்கொண்டே இருக்கும். கண்ணாடி ஏறும் வழியில் ஒரு பிஞ்சு விரல் மாட்டினால் தானாகக் கீழே இறங்குவது இந்தக் கணக்கை வைத்துத்தான். (அந்த வசதியை டிரைவர் கதவுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, குழந்தைகள் உட்காரும் பின் கதவுகளை மறந்துவிடும் புண்ணியவான்களும் உண்டு. அது தனிப் பதிவாக எழுத வேண்டிய கொடுமை.)

ஒயர் அறுந்தாலோ, லாக்குக்குள் இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டாலோ, மாட்யூல் அதைக் குறித்து ஒரு ஃபால்ட் கோடு எழுதி வைத்துக்கொள்ளும். எந்தக் கதவு, எந்த சர்க்யூட், ஒயர் துண்டா ஷார்ட்டா என்பது வரை பல வண்டிகளில் அந்தக் கோடிலேயே இருக்கும். ஆனால் டாஷ்போர்டில் நமக்கு வருவது என்ன? ஒரு மஞ்சள் விளக்கு. கொஞ்சம் காசு அதிகம் கொடுத்திருந்தால், 'சர்வீஸ் சென்டரை அணுகவும்' என்று ஒரு வரி. எங்க அப்பத்தா கூட இதைவிட விவரமாகச் சொல்லுவார்.

இதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட் பலருக்குத் தெரிந்திருக்கும். இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின் கீழ் ஓபிடி முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் கட்டாயமானது. புகை சம்பந்தப்பட்ட கோளாறுகளை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி பொதுக் கோடில் வைக்க வேண்டும். ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும் ப்ளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் போதும். ஆனால் இந்தக் கட்டாயம் எல்லாம் புகைக்கு மட்டும். எஞ்சின் கோடுகள் பவர்டிரெய்னின் 'பி'யில் ஆரம்பிக்கும். கதவு, கண்ணாடிக் கோடுகள் பாடியின் 'பி'யில் ஆரம்பிக்கும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே 'பி'தான், சட்டத்தின் கண்ணிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! பாடிக் கோடுகளில் பெரும்பாலானவை அந்தந்தக் கம்பெனியின் சொந்த பாஷை. அகராதி அவர்கள் ஸ்கேனருக்குள் பூட்டியிருக்கிறது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு என் கதை. இங்கே புனேவில் ஒரு சர்வீஸ் சென்டர், பெயர் வேண்டாம். என் வண்டியின் பின் இடது கதவுக் கண்ணாடி இறங்கினால் ஏற மறுத்தது. மூடியிருக்கும் கதவைத் திறந்திருப்பதாகச் சொல்லி டிங் டிங் என்று மணி வேறு. ஸ்கேன் செய்தார்கள், 590 ரூபாய். பிறகு அட்வைசர் பையன் வந்து "சார், டோர் மாட்யூல் சேஞ்ச் கர்னா படேகா" என்றான். எஸ்டிமேட் 18,400. என்ன கோடு வந்தது என்று கேட்டேன். "கம்பெனி பாலிசி சார், கஸ்டமர் கோ நஹி தே சக்தே." என் வண்டி, என் 590 ரூபாய், ரிசல்ட் மட்டும் அவன் கம்பெனியின் சொத்து! ரத்தப் பரிசோதனைக்குக் காசை வாங்கிக்கொண்டு, ரிப்போர்ட்டைத் தராமல் 'ஆபரேஷன் பண்ணணும்' என்று மட்டும் சொல்லும் லேபை நாம் சும்மா விடுவோமா?

பொங்கலுக்கு சேலம் போக வேண்டும், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணாடியை ஏற்றி நிறுத்திவிட்டுக் கிளம்பினோம். பெல்காம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் என் பெண் பழக்கதோஷத்தில் ஸ்விட்சைத் தொட்டுவிட்டாள். கண்ணாடி இறங்கியது, இறங்கியதுதான். புடவை, பலகாரம், லேப்டாப் எல்லாம் உள்ளே இருக்க, ஹூப்ளியில் ராத்திரி தங்கிய இடத்தில் நானும் தங்கமணியும் மாறி மாறிக் காருக்குள் தூங்கினோம். மறுநாள் சித்ரதுர்கா பக்கம் டீ குடிக்க நிறுத்தியபோது, டயர் கடையை ஒட்டி ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன். நடுத்தர வயசுக்காரர், கையில் ஸ்கேனர் கிடையாது. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ஒயர் போகும் ரப்பர் குழாயை உருவினார். கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி உள்ளே இரண்டு ஒயர் அறுந்திருந்தது. வெட்டி, சால்டர் வைத்து, டேப் சுற்றி 40 நிமிஷத்தில் கொடுத்துவிட்டார். 400 ரூபாய். கண்ணாடி ஏறியது, மணியும் நின்றது. இன்றுவரை அப்படியேதான் ஓடுகிறது.

அறுந்த ஒயரை மாட்யூல் 'ஓப்பன் சர்க்யூட்' என்றுதான் குறித்திருக்கும். அந்த ஒரு வார்த்தை என் கையில் இருந்திருந்தால் புனேவிலேயே எந்த எலெக்ட்ரீஷியனிடமும் காட்டியிருப்பேன். வருஷத்துக்கு ஒருமுறை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி ஊருக்குப் போகும் நம்மைப் போன்றவர்களுக்கு இது சௌகரியப் பிரச்சினை மட்டும் இல்லை சாமி. நடுவழியில் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தேடி எங்கே போவது?

இது என் தனிப்பட்ட புலம்பல் என்று நினைக்க வேண்டாம். 2011-ல் தனிநபர் ஒருவர் கொடுத்த புகாரை விசாரித்து, இந்தியப் போட்டி ஆணையம் (சிசிஐ) 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.64 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மாருதி, டாடா, மகிந்திராவிலிருந்து மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ வரை பட்டியலில் இருந்தார்கள். உதிரி பாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கச் செய்யுங்கள் என்றது உத்தரவு. கம்பெனிகள் டெல்லி, சென்னை உயர் நீதிமன்றங்கள், ட்ரிப்யூனல் என்று ஏறி இறங்கின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' போர்ட்டல் ஒன்றைத் திறந்தது. வாகனத் துறையும் அதில் சேர்த்தி. ஆனால் போர்ட்டலில் போன் நம்பர் கிடைத்து என்ன பயன், கோடு கிடைக்க வேண்டாமா?

கம்பெனி தரப்பு வாதம் இரண்டு. ஒன்று, பாதுகாப்பு. கோடைத் திறந்து கொடுத்தால் திருடன் சாவியை நகல் எடுத்துவிடுவானாம். சாவியை ப்ரோக்ராம் செய்வது மாட்யூலுக்குள் எழுதும் வேலை. கோளாறைப் பார்ப்பது படிக்கும் வேலை. எழுதுவதற்குப் பூட்டுப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? இரண்டாவது, வாடிக்கையாளர் குழம்பிவிடுவாராம். எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் கதவு சரியாக மூடவில்லை என்றால் கோடு காட்டுகிறது. அர்த்தம் மேனுவலின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. துணி துவைக்கும் மெஷினிடம் குழம்பாதவன், பத்து லட்ச ரூபாய் காரிடம் குழம்புவானா?

கதவு, கண்ணாடி என்பது ஆடம்பரச் சமாச்சாரம் என்ற நினைப்பு வேறு இருக்கிறது. 2005 ஜூலை 26-ல் மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பெய்தபோது, கதவும் கண்ணாடியும் திறக்காமல் காருக்குள்ளேயே செத்துப்போனவர்கள் உண்டு. 2010 ஜனவரியில் பவர் விண்டோ ஸ்விட்சில் தண்ணீர் இறங்கினால் தீப்பிடிக்கலாம் என்று ஹோண்டா உலகம் முழுக்க ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. இந்தியாவில் மட்டும் 8,532 சிட்டி கார்கள். 2025 செப்டம்பரில் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2021 டெஸ்லா மாடல் ஒய் கார்கள் மீது விசாரணை தொடங்கியது. 12 வோல்ட் பேட்டரி இறங்கியதும் எலெக்ட்ரானிக் கதவு வெளியிலிருந்து திறக்கவில்லை. உள்ளே குழந்தை, வெளியே பெற்றோர். சிலர் கண்ணாடியை உடைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். கொடுமை என்னவென்றால், பேட்டரி இறங்குகிறது என்ற எச்சரிக்கையை முன்கூட்டியே பார்த்ததாகப் புகார் கொடுத்தவர்கள் ஒருவரும் சொல்லவில்லை. சீனா 2027 ஜனவரி 1 முதல் புது மாடல் கார்களின் கதவுகளுக்கு உள்ளேயும் வெளியேயும் மெக்கானிக்கலாகத் திறக்கும் வழி கட்டாயம் என்று சொல்லிவிட்டது. நம் ஊர் எஸ்யூவிகளிலும் கதவோடு கதவாக ஒட்டிக்கொள்ளும் ஃப்ளஷ் ஹேண்டில் ஃபேஷனாகிவிட்டது. நம்மிடம் இதற்கு என்ன பதில்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. புகைக்கு 2013-ல் செய்ததைக் கதவுக்கும் செய்யுங்கள். 'பின் இடது கதவு, ஒயர் துண்டிப்பு' என்று திரையில் ஒரு வரி. பாட்டுக்கும் மேப்புக்கும் பத்து இஞ்ச் திரை வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்.

அதுவரைக்கும், வண்டியை விடும்போது ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் "ஸ்கேன் மே ஜோ கோட் ஆயா, வோ இஸ்மே லிக்கியே" என்று கேளுங்கள். முறைப்பார்கள், பரவாயில்லை. எழுத மாட்டேன் என்றால் ஸ்கேனர் திரையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் முடிந்து அவர்கள் கோடை க்ளியர் செய்வதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். க்ளியர் செய்துவிட்டால் எந்தப் பாகம் நிஜமாகவே போயிருந்தது என்று நிரூபிக்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.